கட்டாக்காலி மாடும் யப்பானியக் கமராவும்

வாகனம் விற்பவர்களின் பேச்சில் அண்மைக்காலமாக ஒரு வசனம் நிரந்தர இடம் பிடித்திருக்கின்றது: "இது தானாகவே பிறேக் பிடிக்கும், ஐயா." ஒரு லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என்ற கேள்வி எழுவதற்கு முன்னரே இந்தப் பதில் வந்துவிடுகின்றது. ஞாயிறு பத்திரிகைகளின் வரி விளம்பரங்களைத் தொழில் நிமித்தம் முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருபவன் நான். "ஒரே பாவனையாளர், விபத்து இல்லை" என்ற பழைய வாக்கியத்துக்குப் பக்கத்தில் "ராடர் பிறேக்", "சேஃப்டி சென்ஸ்" என்னும் புதிய அடைமொழிகள் வந்து குந்திக்கொண்டுவிட்டன.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த ஐந்து ஆண்டு இடைவெளியில் உலகத்துக் கார்கள் வெகுதூரம் போய்விட்டன. இப்போது அவை ஒரேயடியாக வந்து இறங்குகின்றன. முன்கண்ணாடியின் நடுவே கமரா, முகப்பில் ராடர், கோட்டை விட்டு விலகினால் கூவும் மணி, முன்னால் செல்லும் வாகனத்தோடு இடைவெளி பேணி ஓடும் வேகக் கட்டுப்பாடு... இவற்றையெல்லாம் சேர்த்து ஆங்கிலத்தில் சாரதிக்கு 'உதவி' செய்யும் முறைமைகள் என்கிறார்கள். தமிழுக்கு வரும் வழியில் அந்த 'உதவி' எங்கேயோ தவறி விழுந்துவிடுகின்றது. எங்கள் செய்தி அறைகளிலேயே இதற்கு எழுதப்படும் தலைப்பு 'தானியங்கிக் கார்' என்பதுதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன். இந்தத் தொழினுட்பத்தைப் பழிப்பது என் நோக்கமன்று. தானியங்கி அவசர பிறேக் பொருத்தப்பட்ட கார்கள், முன்னால் செல்லும் வாகனத்தின் பின்புறத்தில் மோதும் விபத்துகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துள்ளன என்பது அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதி நிறுவனம் பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்து கண்ட முடிவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் ஒவ்வொரு புதிய காரிலும் இது கட்டாயம். உயிர் காக்கும் கருவி என்பதில் எனக்கு ஐயமில்லை. யாருடைய உயிரை, எந்த வீதியில், எந்த வேளையில் என்பதுதான் கேள்வி.

'ராடர் பிறேக்' என்ற பெயர் நம் நாட்டில் பரவலானது சுசுகி வாகன்-ஆர் காரால். 2013ஆம் ஆண்டளவில் யப்பானில் அறிமுகமான அந்த முறைமை, மணிக்கு சுமார் 5 முதல் 30 கிலோமீற்றர் வரையான வேகத்தில், முன்னால் நிற்கும் வாகனத்தை லேசர்க் கதிரால் கண்டு பிறேக் பிடிக்கும். டோக்கியோ நெரிசலில் சாரதி ஒரு கணம் கண் அயர்ந்தால் முன்னால் நிற்பவனை இடிக்காதிருப்பதற்காக ஆக்கப்பட்டது அது. 70 கிலோமீற்றரில் செங்கலடியைத் தாண்டிச் செல்பவனுக்கு அதனால் ஆகக்கூடியது எதுவுமில்லை. ரொயோட்டா 2015இல் தன் சிறிய கார்களுக்குக் கொடுத்த 'சேஃப்டி சென்ஸ் சி' இன்னும் அதிக வேகத்தில் இயங்கியது. ஆனால் அதன் முதற் பதிப்பு வாகனங்களை மட்டுமே அறியும். நடந்து செல்லும் மனிதரை அறியாது. பாதசாரியை அறியும் திறன் பின்னைய ஆண்டுகளிலேயே அந்தச் சிறிய கார்களுக்கு வந்தது. ஆகவே 2016ஆம் ஆண்டு விட்ஸ் காரும் 2019ஆம் ஆண்டு விட்ஸ் காரும் ஒரே சின்னத்தைத் தாங்கி ஒரே கொட்டகையில் நின்றாலும், வீதியைக் கடக்கும் ஒரு கிழவியின் கண்ணோட்டத்தில் அவை இரண்டும் வெவ்வேறு வாகனங்கள். விற்பவர் இதைச் சொல்லுகிறாரா? அவருக்கே தெரியுமோ என்னவோ.

தெரியாமலிருப்பது நமக்கு மட்டும் உரிய குறைபாடன்று. 2016 நவம்பரில் யப்பானின் சிபா மாகாணத்து யச்சியோ நகரில் நடந்த சம்பவம் ஒன்றை எல்லாரும் அறிந்திருக்க வேண்டும். நிசான் விற்பனை நிலையமொன்றின் ஊழியர், 'புரோபைலட்' என்னும் உதவி முறைமை கொண்ட செரீனா வானை ஒரு வாடிக்கையாளருக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்தபடி, "பிறேக்கை மிதிக்காமல் இருங்கள், அது தானாக நிற்கும்" என்ற கருத்துப்பட அறிவுறுத்தினார். வாடிக்கையாளரும் மிதிக்கவில்லை. வண்டியும் நிற்கவில்லை. சிவப்பு விளக்குக்காக முன்னால் நின்றிருந்த காரில் மோதியது. அதிலிருந்த இருவர் காயமடைந்தனர். இருட்டு, மழை, எதிரே வந்த வாகனங்களின் முன்விளக்கு வெளிச்சம் ஆகியவற்றால் கமரா முன்னால் நின்ற காரை உணரத் தவறியதாகப் பொலிசார் கண்டனர். 2017 ஏப்ரலில் ஊழியர், அவருடைய மேலாளர், வண்டியை ஓட்டிய வாடிக்கையாளர் மூவரும் அரச வழக்குத்தொடுநரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அந்தக் காரைச் செய்த நாட்டில், செய்த நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில், கைந்நூலை வாசிக்கக்கூடிய மொழியில் பேசிய மனிதருக்கே இப்படி என்றால் நம் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இருட்டும் மழையும் என்று சொன்னேன் அல்லவா? மேற்சொன்ன அமெரிக்க நிறுவனமே 2022இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, பாதசாரியை அறியும் பிறேக் உள்ள கார்கள் மனிதர்மீது மோதும் விபத்துகளை 27 சதவீதம் குறைத்திருப்பதாகக் கூறுகின்றது. பாராட்டத்தக்க எண். அதே ஆய்வு தொடர்ந்து சொல்லும் செய்திதான் விளம்பரங்களில் வருவதில்லை: வீதி விளக்கு இல்லாத இருண்ட வீதிகளில் இந்த முறைமை உள்ள காருக்கும் இல்லாத காருக்கும் வேறுபாடே காணப்படவில்லை.

இனி நம் வாவிக்கரைக்கு வருவோம். கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையின் பிரதான வீதி ஏறாவூரிலிருந்து காத்தான்குடியின் பேரீச்சை மரங்கள் வழியாகக் களுவாஞ்சிக்குடி வரை ஓரளவு வெளிச்சம் உள்ளது. பாலத்தைக் கடந்து படுவான்கரைக்குள் இறங்கினாலோ வடக்கே வாகரைப் பக்கம் திரும்பினாலோ, சூரியன் மறைந்த பின்னர் முன்விளக்கு காட்டுவதுதான் உலகம். போருக்குப் பின்னர் வீதிகள் காப்பற் இடப்பட்டுப் பளபளக்கின்றன, வேகம் கூடிவிட்டது, விளக்குகள் அந்த வேகத்தோடு வரவில்லை. அந்த இருளில் யார் யார் இருக்கின்றார்கள்? பின்விளக்கில்லாத துவிச்சக்கர வண்டியில் வயலிலிருந்து திரும்புபவர். பின்புறம் ஒரு சிவப்பு ஒளித்தெறிப்பான்கூட இல்லாமல் நெல் மூட்டைகளோடு நகரும் உழவு இயந்திரப் பெட்டி. அதைவிட மெதுவாக ஊரும் லேண்ட் மாஸ்டர். தலைக்கவசம் இல்லாமல் மூவர் ஏறிய மோட்டார் சைக்கிள். இவற்றுக்கெல்லாம் நடுவே, பகல் வெயிலில் காய்ந்த தாரின் இளஞ்சூட்டைத் தேடி வந்து வீதியின் நட்டநடுவில் படுத்து அசைபோடும் கட்டாக்காலி மாடுகள்.

மாட்டைக் கண்டு கார் நிற்காதா என்று கேட்கலாம். நிற்கலாம், ஆனால் அதை நம்பி ஓட்ட முடியாது. இந்தக் கமராக்களுக்குப் படிப்பிக்கப்பட்டவை பெரும்பாலும் வாகனங்களின் பின்புறம், நடக்கும் மனித உருவம், சைக்கிளோட்டி ஆகியவையே. படுத்திருக்கும் கறுத்த மாடு அந்தப் பாடத்திட்டத்தில் இல்லை. சுவீடனின் வொல்வோ நிறுவனம் பெரிய விலங்குகளைக் கண்டறியும் முறைமை ஒன்றைத் தன் நாட்டின் கடமான்களைப் பார்த்துப் பார்த்து உருவாக்கியது. அதை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டு போனபோது கங்காரு குழப்பிவிட்டது. தரையை வைத்துத் தூரத்தைக் கணிக்கும் முறைமை அது. துள்ளி அந்தரத்தில் நிற்கும் கங்காரு தொலைவில் இருப்பதாகவும், கால் ஊன்றியதும் அருகில் இருப்பதாகவும் அதற்குத் தோன்றியது. 2017இல் வொல்வோவே வெளிப்படையாக ஒப்புக்கொண்ட செய்தி இது. கடமானுக்காக உழைத்தவர்கள் இருந்தார்கள், கங்காருவுக்காகக் கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். கிரான் சந்தியில் படுத்திருக்கும் மாட்டுக்காக எந்தப் பொறியியலாளர் இரவு விழித்திருக்கின்றார்?

ராடருக்கு இருள் ஒரு பொருட்டல்ல என்பது உண்மை. அதற்கு வேறு இக்கட்டு. வேகமாக ஓடும்போது பாலத்தின் கைபிடி, வீதிப் பலகை, மதகுக் கட்டு என்று அசையாத பொருள்கள் அனைத்திலிருந்தும் எதிரொலி வரும். ஒவ்வொன்றுக்கும் பிறேக் பிடித்தால் கார் ஓடாது. ஆகவே அதிவேகத்தில் அசையாத பொருள்களின் எதிரொலிகளைப் பெருமளவு புறக்கணிக்கும்படி பல முறைமைகள் அமைக்கப்பட்டுள்ளன. ஓடுகின்ற லொறியை அது அருமையாகக் காணும். அச்சு முறிந்து விளக்கின்றி நிற்கும் லொறியைக் காண்பது நிச்சயமில்லை.

கொஞ்சம் கணக்கும் பார்ப்போம். நகர்ப்புறத்துக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதாவது விநாடிக்கு 19 மீற்றருக்குச் சற்று அதிகம். கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் மிதிக்க ஒன்றரை விநாடி என்று வைத்தாலே 29 மீற்றர் போய்விடும். உலர்ந்த வீதியில் நல்ல பிறேக் வண்டியை நிறுத்த மேலும் 27, 28 மீற்றர் தேவை. மொத்தம் 55 மீற்றருக்கு மேல். மாரி மழையில் இன்னும் கூடும். எதிரே வாகனம் வருவதால் தாழ்த்திய முன்விளக்கில், அத்தனை தூரத்தில் ஒரு கறுத்த மாட்டையோ கருநிறச் சாரம் உடுத்தவரையோ தெளிவாகக் காண முடியாது. கமராவும் அதே முன்விளக்கின் ஒளியில்தான் பார்க்கின்றது. அதற்குத் தனி நிலவு எதுவும் கிடையாது. யானையைச் சொல்லவே வேண்டாம். 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே மட்டக்களப்புப் பாதையின் மீனகயா கடுகதிப் புகைவண்டி யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டதில் ஆறு யானைகள் இறந்தன. வீதியில் வருவதும் அதே நிறத்து யானைதான்.

பகலிலும் ஒரு சங்கடம் உண்டு. மண்முனைப் பாலமும் பட்டிருப்புப் பாலமும் கிழக்கு மேற்காக வாவியைக் கடப்பவை. மாலை ஐந்து மணிக்குப் படுவான்கரை நோக்கிச் செல்பவரின் கண்ணுக்கு நேரே சூரியன். தண்ணீரிலிருந்து இன்னொரு சூரியன். நேரடி வெயிலில் கமரா செயலிழக்கலாம் என்று கார்க் கைந்நூல்களே எச்சரிக்கின்றன. 2014இல் திறக்கப்பட்ட மண்முனைப் பாலம் யப்பான் உதவியில் கட்டியது. பாலமும் யப்பான் தந்தது, காரும் யப்பான் தந்தது; வெயில் மட்டும் நம்முடையது.

கைந்நூல் என்றேன். அதுவும் யப்பானிய மொழியில்தான் இருக்கும், இருந்தால். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண்குரல் இனிமையாக எதையோ சொல்லும். பலர் அதை வணக்கம் என்று எண்ணிப் புன்னகைக்கின்றார்கள். பெரும்பாலும் அது, யப்பானிய நெடுஞ்சாலையில் சுங்கம் செலுத்தும் அட்டை செருகப்படவில்லை என்ற முறைப்பாடு! வேடிக்கைதான். ஆனால் அதே திரையில், அதே எழுத்தில், "முன்கமரா இயங்கவில்லை" என்ற அறிவிப்பு வந்தால் அதையும் நாம் வணக்கமாகவே எடுத்துக்கொள்வோம். கல் பட்டு முன்கண்ணாடி உடைந்தால் மாற்றுகின்றோம். கமரா அந்தக் கண்ணாடியில் அல்லது அதற்குப் பின்னால் பொருத்தப்பட்டிருப்பதால், மாற்றிய பின்னர் அதன் பார்வைக் கோணத்தை உரிய கருவி கொண்டு மறுபடி சரிசெய்ய வேண்டும். சில பாகை பிசகினாலும் அது பார்ப்பது வேறு இடத்தை. எனக்குத் தெரிந்த ஒருவரின் காரில் கண்ணாடி மாற்றியதன் பின்னர் மஞ்சள் விளக்கொன்று அணையாமல் எரிந்தது. கராச்காரர் அதைத் தீர்த்து வைத்தார்: விளக்கின்மேல் ஒரு துண்டுக் கறுப்பு நாடா. தொழினுட்பத்துக்கு நம் பதில் அதுவாகத்தான் இருக்கின்றது.

இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கின்றது. காத்தான்குடிப் பிரதான வீதியில் மாலை வேளையில் இந்த முறைமையோடு ஓட்டிப் பாருங்கள். இடப்புறம் ஒரு மோட்டார் சைக்கிள் நுழையும், வலப்புறம் முச்சக்கரவண்டி வெட்டும்; கார் ஓயாமல் கூவும்; சிலவேளை தானே பிறேக் அடிக்கும், பின்னால் ஒரு மீற்றர் இடைவெளியில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் நம் காரில் வந்து முட்டுவார். அலுத்துப்போன சாரதி எல்லாவற்றையும் நிறுத்திவிடுகின்றார். ஒருநாள் உண்மையிலேயே அது தேவைப்படும்போது அது உறங்கிக்கொண்டிருக்கும். இதை நான் ஏற்கமாட்டேன். கோடு விலகும் எச்சரிக்கையை, கோடே இல்லாத நம் உள்வீதிகளில் நிறுத்தி வைப்பதில் நட்டமில்லை. அவசர பிறேக்கை நிறுத்தவே கூடாது. அது இருக்கட்டும், அது இல்லையென்று எண்ணி ஓட்டுங்கள்.

உலகளவில் இதற்கென ஓர் அளவுகோல் உண்டு. எஸ்.ஏ.இ. என்னும் பொறியியலாளர் சங்கம் 2014இல் வகுத்தது. பூச்சியம் முதல் ஐந்து வரை படிநிலைகள். இரண்டாம் படிவரை, ஸ்டியரிங்கையும் வேகத்தையும் இயந்திரமே கையாண்டாலும் வீதியைப் பார்க்கும் பொறுப்பு மனிதனுடையது. மூன்றாம் படியிலிருந்துதான், குறித்த நிபந்தனைகளுக்குள், பார்க்கும் பொறுப்பும் இயந்திரத்துக்கு மாறுகின்றது. நம் நாட்டில் விற்கப்படும் கார்கள் எதுவும் இரண்டாம் படியைத் தாண்டியவை அல்ல. விற்பனைப் பேச்சோ நான்காம் படியில் நிற்கின்றது.

இந்தச் சொல் விளையாட்டைப் பெரிய நாடுகள் இப்போது சகிப்பதில்லை. 2023 டிசெம்பரில் அமெரிக்காவில் ரெஸ்லா நிறுவனம், சாரதியின் கவனத்தை உறுதிசெய்யும் ஏற்பாடு போதாதென்ற காரணத்தால், ஏறத்தாழ 20 இலட்சம் கார்களின் 'ஓட்டோபைலட்' மென்பொருளை மீளத் திருத்த நேர்ந்தது. அடுத்த ஆண்டு, 'முழுமையான சுய ஓட்டம்' என்று அது விற்றுவந்த வசதியின் பெயருக்குப் பின்னால் 'மேற்பார்வையுடன்' என்ற சொல் ஒட்டிக்கொண்டது. முழுமையானதற்கு மேற்பார்வை எதற்கு என்று கேட்காதீர்கள். 2025 மார்ச்சில் சீனாவின் அன்ஹுயி மாகாணத்தில் ஷியாவோமி நிறுவனக் கார் ஒன்று உதவி முறைமையின் கட்டுப்பாட்டில் மணிக்கு 116 கிலோமீற்றரில் சென்று, வீதிவேலை நடந்த இடத்தில் தடுப்புச் சுவரில் மோதியது. மூன்று மாணவியர் மாண்டனர். கார் எச்சரித்தது உண்மை. எச்சரிக்கைக்கும் மோதலுக்கும் இடையில் இருந்தவை சில விநாடிகளே. அடுத்த மாதமே சீன அரசு, விளம்பரங்களில் 'தானியங்கி ஓட்டம்', 'திறன் ஓட்டம்' போன்ற சொற்களைப் பயன்படுத்தக்கூடாதென்று உற்பத்தியாளர்களுக்கு உத்தரவிட்டது. சீன மின்கார்கள் இன்று கொழும்பு வீதிகளில் நிறைந்து மட்டக்களப்புக்கும் வந்துகொண்டிருக்கையில், அந்த உத்தரவு மட்டும் கப்பல் ஏறவில்லை.

வெளிநாடுகளிலிருந்து இதை வாசிக்கும் அன்பர்களுக்குத் தனியாக ஒரு சொல். ஆடி, ஆவணியில் ஊர் வருகின்றீர்கள். வாடகைக்குக் கார் எடுத்து, இரவோடிரவாகக் கொழும்பிலிருந்து பொலன்னறுவை, புணானை வழியே ஓட்டி வருகின்றீர்கள். சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் ஆண்டுக்கணக்காக இத்தகைய கார்களை ஓட்டியவரின் காலும் கண்ணும் மாறியிருக்கும். குருட்டுப் பக்கத்தைக் கண்ணாடி விளக்கு காட்டும் என்று பழகியவர் கழுத்தைத் திருப்ப மறந்திருப்பார். முன்னால் செல்பவனோடு இடைவெளியைக் கார் காக்கும் என்று பழகியவரின் கால் பிறேக்கிலிருந்து தொலைவில் இருக்கும். வாடகைக் காரில் அந்த வசதிகள் இல்லாதிருக்கலாம். இருந்தாலும் நீங்கள் அறிந்த தரத்தில் இல்லாதிருக்கலாம். பழக்கம் மட்டும் உங்களோடு விமானத்தில் வந்துவிடும்.

இலங்கை வீதிகளில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். அவர்களில் மிகப்பெரும் பகுதியினர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களும் நடந்து சென்றவர்களும். காருக்குள் இருப்பவருக்காகப் பணம் கொடுத்து வாங்கும் பாதுகாப்பு, காருக்கு வெளியே இருப்பவரை இருளில் காண்பதில்லை என்பதே இந்த விவகாரத்தில் என்னை உறுத்துவது. கண்ணாடியில் கமரா இருக்கின்றது என்ற துணிவில் பத்துக் கிலோமீற்றர் வேகம் கூட்டுபவர், அந்தத் துணிவுக்கான விலையைத் தான் கொடுக்கப் போவதில்லை.

ஆகக்கூடியவை சில உள்ளன; செலவும் அதிகமில்லை. இறக்குமதி செய்யப்படும் ஒவ்வொரு காரோடும், அதிலுள்ள உதவி முறைமை எந்த வேகத்தில் எதை அறியும், எதை அறியாது என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒற்றைத்தாள் கொடுக்கும்படி விற்பவர்களைச் சட்டத்தால் கட்டாயப்படுத்தலாம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் அனுமதிப்பத்திர எழுத்துப் பரீட்சையில் இதுபற்றி இரண்டு கேள்விகளைச் சேர்க்கலாம். உழவு இயந்திரப் பெட்டிகளுக்கு ஒளித்தெறிப்பான் ஒட்டுவதற்கு ஒரு பிரதேச சபையின் ஒருநாட் செலவு போதும். மாடுகளைப் பிடித்துத் தண்டம் அறவிடுவது மட்டும் தீர்வாகாது. மயிலத்தமடு, மாதவணையில் மேய்ச்சல்தரையை இழந்து 2023 முதல் வீதியில் இறங்கிப் போராடிய பண்ணையாளர்களைக் கேட்டால், மாடு ஏன் வீதிக்கு வருகின்றது என்பதை அவர்கள் சொல்வார்கள்.

கார் வாங்கப் போகின்றவர்கள் விற்பவரிடம் மூன்று விடயங்களைக் கேட்டுப் பாருங்கள். முன்கண்ணாடி மாற்றப்பட்டதா, மாற்றியிருந்தால் கமராவை யார் சரிசெய்தது? இரவில் நடந்து செல்லும் மனிதரை இந்தக் கார் அறியுமா? எந்த வேகத்துக்கு மேல் பிறேக் தானாகப் பிடிக்காது? பதில் வரும்வரை விலை பேசாதீர்கள்.